குத்தகைக்காரனின் மதம்

ருஷ்யா நமக்கு நாவல்களில் நடந்த தேசம். மாஸ்கோவில் அச்சாகி, கெட்டி அட்டையும் மலிவு விலையுமாக நம்மூர்க் கண்காட்சிகளுக்கு வந்த மொழிபெயர்ப்புகளில்தான் நம்மவர் பலர் பனியைப் பார்த்தார்கள். என் தலைமுறைக்கு அவை பழைய புத்தகக் கடையில் கிடைத்தன. 1991-ல் சோவியத் யூனியன் முடிந்தது. புத்தக வரத்து நின்றது. நம் ருஷ்யாவும் அத்தோடு நின்றுவிட்டது. அதற்குப் பின் நடந்ததைப் பற்றி நம்மிடம் நாவல் இல்லை, ஒரு வாக்கியம் இருக்கிறது: "யூதர்கள் ருஷ்யாவை விலைக்கு வாங்கிவிட்டார்கள்." இதைப் படிக்காதவர்கள் சொல்லிக் கேட்டதில்லை. நம் வட்டத்தில், நல்ல கவிதை எழுதுகிறவர்களே சொல்கிறார்கள். சொல்லிவிட்டு தாஸ்தாயெவ்ஸ்கிக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

இந்த வாக்கியத்தைப் பரிசோதிக்க மாஸ்கோவரை போகவேண்டாம். நான் வேலை பார்க்கும் வில்லியனூரிலிருந்து கிழக்கே பத்துக் கிலோமீட்டர் போனால் போதும். புதுச்சேரியில் நைனியப்பப் பிள்ளை பெயரில் ஒரு வீதி இருக்கிறது. அந்த வீதியில் கடை வைத்திருப்பவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. அவரைப் பற்றி நாம் இங்கே பேசியதும் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளை அவரை மறைத்து நிற்கிறார்.

நைனியப்பர் 1708-ல் பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் தரகரானார். தரகர் என்றால் இன்றைய வீட்டுத் தரகர், மாட்டுத் தரகர் என்ற பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. கும்பெனிக்குத் துணி வேண்டும். நெசவாளனுக்கு முன்பணம் வேண்டும். ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாது. புரிந்தாலும் நம்பிக்கை கிடையாது. நடுவில் நின்று வணிகர்களைக் கூட்டுவது, விலை பேசுவது, ஜாமீன் நிற்பது, கப்பல் வரத் தாமதமானால் கடன் புரட்டித் தருவது, அக்கம்பக்கத்து நவாபுகளிடம் தூது போவது, ஊர்த் தமிழர்களின் வழக்கைத் தீர்ப்பது எல்லாம் ஒரே ஆள். அந்த ஆள் பணக்காரனாகாமல் இருக்க முடியாது. பணக்காரனாக இல்லாதவனுக்கு அந்த வேலை கிடைக்கவும் கிடைக்காது.

சேசு சபைப் பாதிரிமாருக்கு அவரிடம் ஒரே ஒரு குறை: அவர் கிறிஸ்தவரல்ல. அவருக்கு முன்னால் தரகு கிறிஸ்தவக் குடும்பம் ஒன்றின் கையில் இருந்தது. ஒன்று அவர் மாறவேண்டும், அல்லது அவரை மாற்றவேண்டும் என்று பாதிரிமார் ஆண்டுக்கணக்கில் வற்புறுத்தினார்கள். ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு அவர் தர்மம் செய்து ஜெபமாலைகள் கொடுத்ததைக்கூட அவர்கள் குற்றமாகச் சொன்னார்கள். இதில் சிரிக்க இடமிருக்கிறது. ஆனால் 1716-ல் கவர்னர் எபேர் நைனியப்பரைக் கைதுசெய்தபோது யாரும் சிரிக்கவில்லை. குற்றச்சாட்டு கொடுங்கோன்மை, ராஜத் துரோகம். முந்தின வருஷம் ஊர்த் தமிழர்கள் தங்கள் வழிபாட்டுக்கு விதித்த தடைகளை எதிர்த்துத் திரண்டிருந்தார்கள். அதைத் தூண்டியவர் இவர்தான் என்றார்கள். தீர்ப்பு: கடைத்தெருவில் ஐம்பது கசையடி, மூன்றாண்டுச் சிறை, பெருந்தொகை அபராதம், சொத்துப் பறிமுதல், குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேற்றம். 1717-ல் அவர் சிறையிலேயே இறந்துபோனார்.

விசாரணையில் ஒரு விவரம் என்னை விடாமல் தொந்தரவு செய்கிறது. நைனியப்பர் தமிழில் பதில் சொன்னார். அது போர்த்துக்கீசியத்தில் ஆகி, பிறகு பிரெஞ்சில் எழுதப்பட்டது. மொழிபெயர்த்தவன் சேசு சபையாரின் உபதேசியாருடைய மகன். தம்மால் வாசிக்க முடியாத வாக்குமூலத்தின்கீழ் நைனியப்பர் தமிழில் கையெழுத்துப் போட்டார். வாழ்நாளெல்லாம் இரண்டு பாஷைக்கு நடுவே நின்று பிழைத்தவர் மூன்றாவது பாஷையில் மாட்டிக்கொண்டார்.

அவருடைய மதம்தான் அவரைக் கொன்றதா? ஆமென்றால் பாதி உண்மை. பறிமுதல் செய்யத்தக்க சொத்து இல்லாத எத்தனையோ ஆயிரம் பேர் அதே மதத்தில் அதே ஊரில் நிம்மதியாக இருந்தார்கள். கும்பெனியின் வருமானத்துக்கும் கவர்னரின் சொந்த வருமானத்துக்கும் நடுவே கோடு அழிந்திருந்த ஊர் அது. அங்கே கணக்குச் சண்டைக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. மதம் அந்தப் பெயராயிற்று.

பிறகு வில்லியனூரும் பாகூரும். சந்தா சாகிப்பின் அரசுரிமைக்கு டூப்ளே படை கொடுத்ததற்குக் கூலியாக 1749-ல் இந்த ஊர்கள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. அதுவரை கும்பெனி என்பது துணி வாங்கி விற்கும் கடை. இனி அதற்கு நிலவரி உண்டு, ஏரி உண்டு, குடிகள் உண்டு. 1752-ல் பாகூரில் லாரன்ஸின் ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்தது. சோழர் காலத்து மூலநாதர் கோயில் இருக்கும் அதே பாகூர். அமெரிக்க யுத்தத்தை முடித்துவைத்த 1783 வெர்சேல்ஸ் ஒப்பந்தங்களில் ஒன்றில் இந்த இரண்டு ஊர்களும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. உலக சரித்திரத்தில் வில்லியனூருக்குக் கிடைத்த ஒரு வரி அது. இன்றும் பஸ்ஸில் போகும்போது புதுச்சேரி முடிந்து தமிழ்நாடு வந்து மறுபடி புதுச்சேரி வருகிறதே, அந்தத் துண்டு துணுக்கான எல்லைகளுக்குப் பின்னால் இந்தக் கொடுக்கல் வாங்கல்கள்தாம் இருக்கின்றன.

கும்பெனிக்கு நிலத்தை ஆளத் தெரியாது. ஆகவே குத்தகைக்கு விட்டது. மொத்தச் சீமைக்கும் அதிகம் கேட்டவனுக்குக் குத்தகை. அவன் அதைப் பிரித்து உள்குத்தகை விடுவான்; உள்குத்தகைக்காரன் ஊர்வாரியாக ஆள் வைப்பான்; கடைசியில் களத்துமேட்டில் நெல்லை அளக்கிறபோது குடியானவன் பார்ப்பது ஒரு மரக்காலையும் அதைப் பிடித்திருக்கும் கையையும்தான். மேலே இருப்பவனுக்குக் கட்டவேண்டிய தொகை மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அதேதான். ஓரிரு வருஷக் குத்தகைக்காரன் ஏரிக்கரைக்கு மண் போடமாட்டான். அடுத்த வருஷத் தண்ணீர் அடுத்தவனுக்கு. கொடுமை அவன் சுபாவத்தில் இருக்கவேண்டும் என்ற அவசியமே இல்லை. ஏற்பாட்டிலேயே இருந்தது. கவர்னர் டூப்ளேவும் வில்லியனூருக்குப் பக்கத்து வழுதாவூரை ஜாகீராகப் பெற்றவர் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். குடியானவன் கண்ணுக்கு அவர் தெரியமாட்டார். பிள்ளையோ முதலியோ தெரிவார்.

ஆனந்தரங்கர் விஷயத்தில் நமக்கு ஒரு சௌகரியம், அவருடைய நாட்குறிப்பு இருக்கிறது. பிரபஞ்சன் அதிலிருந்து இரண்டு நாவல்கள் எடுத்தார். நைனியப்பரின் மைத்துனர் மகனான இவர் குடும்பத்தின் பழைய காயத்தை மறந்தவரல்ல. 1746-ல் கனகராய முதலியார் இறந்ததும் துபாஷிப் பதவிக்குப் போட்டி வந்தது. டூப்ளேயின் மனைவி கிறிஸ்தவர் ஒருவரையே விரும்பினார். ஆனாலும் பதவி ஆனந்தரங்கருக்குத்தான் போயிற்று. வணிகர்களிடம் அவர் சொல்லுக்குக் கடன் கிடைத்தது. யுத்தத்துக்குப் பணம் வேண்டியிருந்தது. முப்பது வருஷத்துக்கு முன் ஒருவரைக் கசையடிக்கு அனுப்பிய மதம் இப்போது கணக்குக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

ஆனால் அவருடைய செல்வாக்குக்கு எவ்வளவு எடை? 1748-ல் ஆங்கில முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயிலை இடித்தார்கள். ஊரிலேயே முதல் தமிழர், கவர்னரின் காதருகே நின்றவர், அதைத் தடுக்க முடியாமல் வீட்டுக்குப் போய் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். (அதே பிரெஞ்சு அரசின் கவர்னர்கள் பின்னாளில் வில்லியனூர் திருக்காமீசுவரர் தேருக்கு வடம் பிடித்தார்கள். அந்த வழக்கம் இன்று துணைநிலை ஆளுநர் வழியாகத் தொடர்கிறது. அரசுகளுக்கு மனச்சாட்சி இல்லாவிட்டாலும் நாகரிகம் உண்டு.)

ஒரு வேற்றுமையை மறைக்கக் கூடாது. நைனியப்பர் ஊரில் பெரும்பான்மை. அதிகாரத்தின் கணக்கில்தான் அந்நியர். ருஷ்ய யூதர் இரண்டு கணக்கிலும் அந்நியர். அந்த வகையில் இன்னும் நெருங்கிய உதாரணம் பர்மா நகரத்தார். 1930-க்குப் பின் நெல் விலை வீழ்ந்தபோது அடமான நிலங்கள் அவர்களிடம் வந்து குவிந்தன. 1937 வாக்கில் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சாகுபடி நிலத்தில் ஏறக்குறைய கால்பங்கு அவர்கள் கையில் இருந்தது. அவர்கள் நிலம் கேட்டவர்களல்ல, வட்டி கேட்டவர்கள். அவர்களுக்குப் பின்னால் ஆங்கில வங்கிகளும் அரிசி ஏற்றுமதிக் கம்பெனிகளும் இருந்தன. அவற்றை எந்தப் பர்மிய விவசாயியும் கண்ணால் கண்டதில்லை. 1930-ல் ரங்கூனில் கூலி வேலைக்காக மூண்ட கலவரத்தில் செத்தவர்கள் துறைமுகத்துத் தெலுங்குத் தொழிலாளிகள். 1964-ல் எல்லாவற்றையும் அரசுடைமையாக்கியபோது, பெட்டியடி வைத்திருந்தவரும் பெட்டி தூக்கியவரும் ஒரே கப்பலில் சென்னைக்கு வந்து இறங்கினார்கள். பெயர் ஒன்று என்பதால் விதியும் ஒன்றாயிற்று.

ருஷ்யக் கதையும் குத்தகையில்தான் தொடங்குகிறது. போலந்துப் பிரபுக்கள் உக்ரேனில் இருந்த தம் பண்ணைகளையும், ஆலைகளையும், சாராயக் கடைகளையும் யூதர்களுக்குக் குத்தகைக்கு விட்டார்கள். யூதன் நிலம் வாங்க முடியாது, பிரபுவாக முடியாது, ஆகவே ஆபத்தில்லாதவன். 1648-ல் ஹ்மெல்நித்ஸ்கியின் கலகம் வெடித்தபோது பிரபு கோட்டைக்குள் ஓடினார், ஊர் ஊராக யூதக் குடும்பங்கள் வெட்டப்பட்டன. குத்தகைக்காரனாக இருந்தவர் ஊருக்கு ஒருவரோ இருவரோ. கோகோலின் தாராஸ் புல்பாவில் வரும் யாங்கெலை நாம் சிரித்துக்கொண்டே படித்தோம். அந்தச் சிரிப்பின் விலை அதற்குள்ளேயே எழுதியிருக்கிறது.

1791-க்குப் பிறகு ஜார் அரசு யூதர்களை மேற்கு எல்லை மாகாணங்களுக்குள் அடைத்து வைத்தது. 1917 வரை அவர்களில் மிகப் பெரும்பாலோர் அங்கே தையற்காரர்கள், செருப்புத் தைப்பவர்கள், சில்லறை வியாபாரிகள். தாஸ்தாயெவ்ஸ்கி 1877 மார்ச்சில் தம் 'எழுத்தாளனின் நாட்குறிப்'பில் யூதப் பிரச்னையைப் பற்றி எழுதியபோது அவர் கண்ணுக்கு இந்தத் தையற்காரன் தெரியவில்லை. விடுதலையான பண்ணையடிமையை விழுங்கக் காத்திருக்கும் வட்டிக்காரன் மட்டும் தெரிந்தான். ரஸ்கோல்னிகோவின் மனத்துக்குள் இறங்க முடிந்தவருக்கு இது முடியவில்லை. நம்மில் பலருக்கு இந்தப் பக்கங்களைப் பற்றிப் பேசச் சங்கடம். பேசித்தான் ஆகவேண்டும், ஏனெனில் 'யூதர்கள் வாங்கிவிட்டார்கள்' என்ற வாக்கியம் அங்கிருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை. 1903-ல் கிஷினேவ் படுகொலை நடந்தது. அதே ஆண்டு பீட்டர்ஸ்பர்க் பத்திரிகை ஒன்றில் யூத மூத்தோர் சபை உலகைப் பிடிக்கச் சதி செய்வதாகக் கூறும் போலி ஆவணம் தொடராக வெளிவந்தது. 1921-ல் லண்டன் டைம்ஸ் அதன் திருட்டு மூலத்தைப் பக்கம் பக்கமாகக் காட்டியது. பொய் நிற்கவில்லை.

சோவியத் அரசு மதத்தை ஒழித்தது. ஆனால் அடையாளச் சீட்டின் ஐந்தாவது வரியில் இனத்தை எழுதியது. 'யூதர்' என்று இருந்தால் கட்சி மேலிடம் இல்லை, வெளிநாட்டு உத்தியோகம் இல்லை, மாஸ்கோ பல்கலைக்கழகக் கணிதத் துறையில் நுழைவது பெரும்பாடு. மையத்தில் இடமில்லாதவன் ஓரத்தில் கெட்டிக்காரனாவான். 1988-ல் கூட்டுறவுச் சட்டம் வந்து ஓரத்துக்கு மதிப்புக் கூடியபோது பெரெஸோவ்ஸ்கி கட்டுப்பாட்டு விஞ்ஞானக் கழகத்தில் கணிதக்காரர். குஸின்ஸ்கி டாக்ஸியும் ஓட்டிப் பார்த்த நாடக இயக்குனர். இது விளக்கத்தின் ஒரு பாதி. மறுபாதியை விட்டுவிடுகிறார்கள். பொட்டானின் சோவியத் வெளிநாட்டு வர்த்தக அமைச்சகத்திலிருந்து வந்தவர். லூக்காயிலின் அலெக்பெரோவ் பாகுவில் பிறந்த அஸெரி, எண்ணெய் அமைச்சகத்தில் துணை அமைச்சர். காஸ்ப்ரோமை உருவாக்கிய செர்னொமீர்தின் எரிவாயு அமைச்சர், பின்னர் பிரதமர். இவர்கள் யாரும் யூதர்கள் அல்லர். பிறப்பால் பாதி யூதரான கொதர்கோவ்ஸ்கி வந்த பாதையும் கட்சியின் இளைஞர் சங்கம்தான்.

இனி 1995. வங்கிக் குமாஸ்தாவுக்கு இந்த இடம் சுலபமாகப் புரியும். எங்கள் கிளையில் நகைக்கடன் மீளாவிட்டால் நோட்டீஸ் அனுப்பி, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஏலம் விடவேண்டும். ஏலம் நடத்துகிற நாங்கள் கேட்கக் கூடாது. எந்தக் கிராமத்துக் கிழவிக்கும் இந்த நியாயம் தெரியும். யெல்த்ஸின் அரசு கஜானா வற்றிப்போய், எண்ணெய், நிக்கல் கம்பெனிகளின் பங்குகளைத் தனியார் வங்கிகளிடம் அடகு வைத்தது. அடகு பிடிக்கும் உரிமைக்கே ஏலம். அந்த ஏலத்தை நடத்தியதும் அதே வங்கிகள். அரசு மீட்காது என்பது எல்லோருக்கும் தெரியும். நொரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதம் பொட்டானினின் வங்கிக்கு 17 கோடி டாலருக்குப் போயிற்று. 35½ கோடி டாலர் கேட்ட போட்டி வங்கியைச் செல்லாது என்று தள்ளினார்கள். யூக்கோஸின் 45 சதவீதம் கொதர்கோவ்ஸ்கியின் மெனடெப்புக்கு 15 கோடி 90 லட்சம் டாலர். ஏலக் கூடத்தில் மனு வாங்கியதும் மெனடெப்தான். வெளியே தள்ளப்பட்டு மாஸ்கோ பத்திரிகைகளில் கூச்சல் போட்ட வங்கிகளில் ஒன்று ஆல்ஃபா. அதன் ஃபிரிட்மான் யூதர்.

அதாவது கொழுத்த பங்குகளில் ஒன்றை எடுத்தவர் யூதரல்ல. ஏமாந்தவர்களில் யூதர் உண்டு. சதி என்றால் இவ்வளவு மோசமாகவா செய்வார்கள்?

'ஒலிகார்க்' என்ற கிரேக்கச் சொல் நம் பத்திரிகைகளில் வர ஆரம்பித்திருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை. குத்தகைக்காரன் என்ற சொல் போதும். 1996 தேர்தலில் கம்யூனிஸ்டு ஸ்யுகானோவுக்கு எதிராக யெல்த்ஸினை இந்தக் குத்தகைக்காரர்கள் தூக்கி நிறுத்தினார்கள். வென்றபின் பெரெஸோவ்ஸ்கி ஆங்கிலப் பத்திரிகை ஒன்றிடம், தாங்கள் ஏழு பேர் நாட்டுப் பொருளாதாரத்தில் பாதியை வைத்திருப்பதாகப் பெருமையடித்தார். அது கணக்கல்ல, ஜம்பம். ஆனால் அந்த ஏழில் பெரும்பாலோர் யூத வம்சத்தவர். சம்பளம் மாதக்கணக்கில் வராத ருஷ்யத் தொழிலாளி அந்த ஜம்பத்தை நம்பினான். 1998 ஆகஸ்டில் ரூபிள் விழுந்தது. சில வாரங்களில் மகாஷோவ் என்ற ஜெனரல், கம்யூனிஸ்டு பிரதிநிதி, யூதர்களைப் பகிரங்கமாகச் சாடினார். பாராளுமன்றத்தில் அவரைக் கண்டிக்கும் தீர்மானம் தோற்றது. லெனின் கட்சி என்று சொல்லிக்கொண்டவர்கள் அவருக்குத் துணை நின்றார்கள்.

இந்த ஏழு பேரும் உத்தமர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனந்தரங்கரும் உத்தமரல்ல. திருட்டு நடந்தது, அதைத் திருட்டு என்றே சொல்லவேண்டும். ஆனால் சாவியைக் கொடுத்தவன் எங்கே என்று கேட்காமல் திருடன் எந்தக் கோயிலுக்குப் போகிறான் என்று கேட்பதில் ஒரு லாபம் இருக்கிறது, அந்த லாபம் சாவிக்காரனுக்கு. 2000-ல் புடின் வந்ததும் குஸின்ஸ்கி மூன்று நாள் சிறையில் இருந்தார். தம் தொலைக்காட்சியையும் பத்திரிகைகளையும் காஸ்ப்ரோமுக்கு எழுதிக்கொடுக்க ஒப்பியபின் நாட்டைவிட்டுப் போக முடிந்தது. அந்தக் கைதும் பேரமும் முறைகேடு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2004-ல் சொன்னது. 2003 அக்டோபரில் கொதர்கோவ்ஸ்கி கைதானார். அடுத்த ஆண்டு டிசம்பரில் யூக்கோஸின் பெரிய எண்ணெய்ப் பிரிவை, த்வேர் நகரில் பதிவான, யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனி ஏலத்தில் எடுத்தது. சில நாட்களில் அந்தக் கம்பெனியையே அரசின் ரோஸ்நெஃப்ட் வாங்கிக்கொண்டது. மறுபடியும் ஏலம், மறுபடியும் ஏலம் போட்டவனே எடுத்தான். பத்தாண்டுச் சிறைக்குப் பின் 2013-ல் கொதர்கோவ்ஸ்கியை மன்னித்து அனுப்பினார்கள். புதிய குத்தகைக்காரர்களில் சேச்சின் இருக்கிறார், திம்சென்கோ இருக்கிறார், யூத வம்சத்தில் வந்த ரோட்டன்பர்க்கும் இருக்கிறார். கடைசியில் சொன்னவர் புடினோடு சின்ன வயதில் ஜூடோ பழகியவர். தகுதி அதுதான்.

ருஷ்யாவில் 1989 கணக்கெடுப்பில் யூதர்கள் சுமார் 5,37,000. 2002-ல் சுமார் 2,30,000. நாட்டை விலைக்கு வாங்கியவர்கள் என்று சொல்லப்பட்ட அந்த வருஷங்களில்தான் இவ்வளவு குறைந்தார்கள். பல்வைத்தியர்கள், பள்ளி ஆசிரியர்கள், பிடில் வாத்தியார்கள் மூட்டை கட்டிக்கொண்டு விமானம் ஏறினார்கள். அவர்களில் யார் கையிலும் நிக்கல் இல்லை.

நைனியப்பர் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. ஸேன்-மாலோ நகரத்து பிரெஞ்சு வணிகர்களும், சேசு சபைக்கு எதிரான இன்னொரு பாதிரிக் கூட்டமும் அவர் பக்கம் பேசினார்கள். அவர்களுக்கும் சொந்தக் கணக்குகள் இருந்தன. எபேர் பதவி இழந்து, கைதாகி, பிரான்சுக்கு அனுப்பப்பட்டார். 1720-ல் அரசவை தண்டனையை ரத்துசெய்தது. நைனியப்பர் செத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மூத்த மகன் குருவப்ப பிள்ளை நியாயம் கேட்டு பாரிஸுக்குக் கப்பலேறினார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார்; ராஜப் பிரதிநிதி ஆர்லியன்ஸ் கோமகனே ஞானத் தகப்பன். ஸேன்-மிஷேல் வீரர் என்ற பட்டமும் கிடைத்தது. புதுச்சேரி திரும்பி அப்பா வகித்த தரகுப் பதவியில் உட்கார்ந்தார். 1724-ல் அவரும் இறந்தார். பதவி கனகராய முதலியாருக்குப் போயிற்று. 1746-ல் சாகும்வரை அவரிடமே இருந்தது.